ஆவடி மாநாடும் மாமாவின் நோட்டுப் புத்தகமும்

காலை நடை முடிந்ததும் அம்பத்தூர் பூங்காவில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் என்று சுற்றிவிட்டுப் பேச்சு கடைசியில் அரசியலில் வந்து நிற்கும். போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "கிராமத்தில் ஒரு கட்சி வேரற்றுப் போய்விட்டால் மறுபடி முளைக்குமா சார்?"

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எனக்கோ, இதற்கான பதில் பக்கத்து ஆவடியிலேயே இருக்கிறது என்று தோன்றியது. நான் எந்தக் கட்சியிலும் இருந்தவன் இல்லை. சர்க்கார் குமாஸ்தாவுக்குக் கட்சி கூடாது என்பது விதி. ஆனால் கட்சிகள் கிராமத்தில் எப்படி வாழ்ந்தன, எப்படித் தேய்ந்தன என்பதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் 1952. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். சென்னை ராஜ்யத்தில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயர் ஐந்தே வருஷத்தில் செல்லாமல் போனது. உணவுத் தட்டுப்பாடு, ரேஷன், நெல் கொள்முதல் கெடுபிடி எல்லாம் கிராமத்து ஜனங்களைக் கசக்கி வைத்திருந்தன. தஞ்சைக் குத்தகைதாரர்கள் செங்கொடிக்குப் போனார்கள். நம் வட மாவட்டங்களில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்தன. பெரும்பான்மை இல்லாத நிலையில் ராஜாஜியை அழைத்து வந்து மந்திரிசபை அமைத்தார்கள்.

ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கிராமம் மூச்சு விட்டது. ஆனால் 1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அந்த நல்ல பெயரைத் துடைத்துவிட்டது. கிராமப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். குலக் கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். "என் பிள்ளை மட்டும் ஏன் அரை நாள் படிக்க வேண்டும்?" என்று குடியானவன் கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

1954 ஏப்ரல் 13-ம் தேதி காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கட்சி செய்த தவறு என்று கிராமம் எதை நினைத்ததோ, அதை முதலில் நீக்கினார். பிறகுதான் மற்றதெல்லாம். அவருடைய எட்டுப் பேர் மந்திரிசபையைப் பாருங்கள். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியம் அதில் இருந்தார். தேர்தலில் காங்கிரசைத் தோற்கடித்த மாணிக்கவேலு நாயக்கரும் ராமசாமி படையாட்சியாரும் இருந்தார்கள். அறநிலையத் துறை தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் தரப்பட்டது. கிராமம் யார் பின்னால் போயிருந்ததோ அவர்களையே உள்ளே கூட்டிவந்தார் காமராஜர்.

அந்தச் சமயத்தில்தான் ஆவடி மாநாடு. 1955 ஜனவரி, பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. அகில இந்திய காங்கிரசின் 60-வது மாநாடு. தலைவர் யு.என். தேபர். மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று நேரு முன்னின்று நிறைவேற்றிய தீர்மானம் இங்கேதான் பிறந்தது.

எனக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அப்பாவுக்குப் புதுச்சேரி, அம்மாவுக்குப் பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ஏரிக்கரைக் கிராமம். பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருந்த அம்மாவோடு நானும் இருந்தேன். மாமா ஊர்க் காங்கிரஸ் கமிட்டிக்காரர். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனோம். எனக்கு ஞாபகம் இருப்பது மாமாவின் தோளும், புழுதியும், பட்டாணி சுண்டலும்தான். தீர்மானத்தில் என்ன எழுதியிருந்தது என்று மாமாவுக்கும் முழுசாகத் தெரியாது. திரும்பி வரும்போது அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாராம்: "நம்ம ஊர்ல இனிமே முழு நேரப் பள்ளிக்கூடம் நடக்கும்டி."

புதுச்சேரியில் என் படிப்பு பிரெஞ்சில் நடந்தது. அங்கே வாத்தியார் சொன்ன ஒரு கதை இதோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 1848-ல் பாரிசில் புரட்சி செய்து குடியரசு அமைத்தவர்கள், கஜானாவை நிரப்ப நேர்முக வரியில் ஒரு பிராங்குக்கு 45 சாந்தீம் கூடுதலாகப் போட்டார்கள். அந்தப் பாரம் நிலம் வைத்திருந்த குடியானவன் தலையில் விழுந்தது. அதே டிசம்பரில் நடந்த தேர்தலில் கிராமங்கள் திரண்டு லூயி நெப்போலியனுக்கு வாக்களித்தன. குடியரசுக்காரர்கள் கிராமத்தை மறுபடி பிடிக்க ஒரு தலைமுறை ஆயிற்று. ழூல் ஃபெர்ரி காலத்தில், 1881-ல் இலவசப் பள்ளி, 1882-ல் கட்டாயக் கல்வி. அரசாங்கம் என்றாலே வரி கேட்டு வருபவன் என்று நினைத்திருந்த கிராமத்துக்கு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு மாமாவின் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் கண்ணில் வந்தது.

இங்கேயும் அதுதான் நடந்தது. 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நிலத்திலிருந்து வெளியேற்றாமல் காக்கும் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். அதே ஆண்டுகளில் மதிய உணவு, பிறகு ஊர்க்காரர்களே பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், பம்புசெட்டுக்கு மின்சாரம், 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்பையோ வயலையோ தொட்டது.

1957 தேர்தலில் காங்கிரஸ் 205-க்கு 151 இடங்கள் பெற்றது. நியாயமாகச் சொன்னால், இதில் கொஞ்சம் கணக்கும் உண்டு. 1953-ல் ஆந்திரம் பிரிந்து போனபோது எதிர்க்கட்சியின் பலமான பகுதிகள் பலவும் கூடவே போய்விட்டன. இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு முன் கைவிட்ட கிராமங்கள் திரும்பி வந்தன என்பது உண்மை.

பிறகு ஏன் போயின? 1963-ல் கட்சிப் பணிக்காகப் பதவியை விட்ட காமராஜர், அகில இந்தியத் தலைவராக டில்லிக்குப் போனார். இங்கே 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், தொடர்ந்து அரிசிப் பஞ்சம். தி.மு.க. இளைஞர்கள் படிப்பகம், டீக்கடை, சலூன் என்று ஊர் ஊராக உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காட்டினார்கள். ரூபாய்க்கு மூன்று படி என்றார்கள். 1967-ல் காங்கிரஸ் 51 இடங்களோடு நின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தோல்வியிலும் அதற்கு 41 சதவீத வாக்கு இருந்தது. தி.மு.க. வாங்கிய வாக்குக்கு அது குறைவில்லை. கிராமம் இன்னும் முழுசாகக் கைவிடவில்லை.

முழுசாகப் போனது அதற்குப் பிறகு. 1969-ல் கட்சி இரண்டாக உடைந்தது. 1971-ல் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை, தி.மு.க.வோடு சேர்ந்து பாராளுமன்ற இடங்களோடு திருப்திப்பட்டுக்கொண்டது. அதன்பிறகு பெரும்பாலும் கூட்டணிதான். 1989-ல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்றபோது 26 இடங்களும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாக்கும் கிடைத்தன. மறுபடி தனித்து நின்ற 2014 பாராளுமன்றத் தேர்தலில் 4.3 சதவீதம்.

தேர்தல் கணக்கு சொல்லாத ஒன்றை என் மேசை எனக்குச் சொன்னது. 1970-களில் நான் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இதெல்லாம் அப்போது செங்கற்பட்டு மாவட்டம். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று என்று மனு கொடுக்க வரும் கிராமத்து ஜனங்கள் தனியாக வரமாட்டார்கள். கூடவே ஒருவர் வருவார். மனுவை எழுதித் தருவதும், கைநாட்டு வைக்க இடம் காட்டுவதும், அடுத்த மாதம் வந்து "என்னாச்சு சார்?" என்று கேட்பதும் அவர்தான். அந்த ஜனங்களுக்கு அவர்தான் கட்சி. ஆரம்பத்தில் கதர்ச் சட்டைகள் நிறைய வரும். வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கரைவேட்டிகள் கூடின.

மாமாவும் வருவார். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கும். யாருக்கு என்ன மனு, எந்தத் தேதி, என்ன ஆயிற்று என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். 1978-ல் ஒருநாள் ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உதவித்தொகை மனு. சொந்த மாமா என்று சக ஊழியர்கள் பேசுவார்களோ என்ற பயத்தில், "வரிசையில நில்லுங்க மாமா" என்றேன். நின்றார். முறைப்படி மனுவை வாங்கினேன், தொகையும் கிடைத்தது. ஆனால் மாமா அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வரவில்லை. "உனக்கு எதுக்குப்பா சங்கடம்" என்றார். அந்த ஊர் மனுக்கள் அப்புறம் வேறு ஒருவரோடு வந்தன. அடுத்த தேர்தலில் அந்த ஊர் அவர் பின்னால் போனது.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனாலும் இன்றுவரை உறுத்துகிறது. கிராமத்தில் ஒரு கட்சி எப்படிச் சாகிறது என்பதை நான் மேசைக்கு எதிரே பார்த்தேன். என் பங்கும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஆகவே பூங்கா நண்பருக்கு என் பதில் இது. எந்தக் கட்சியானாலும் முளைக்கும். ஜனங்களுக்குப் பிடிக்காமல் போனதை முதலில் ஒப்புக்கொண்டு விலக்க வேண்டும். ஊர் யாரை நம்புகிறதோ அவரைக் கூப்பிட்டு இடம் கொடுக்க வேண்டும். அப்புறம், மனுவோடு கூட வர ஓர் ஆள் வேண்டும், தேர்தல் இல்லாத வருஷத்திலும். கூட்டணிக்காரன் ஆளைக் கடன் வாங்கினால் ஓட்டு வரும், ஊர் வராது.

மாமா 1991-ல் காலமானார். அவர் ஊர் ஏரிக்கரை வயலெல்லாம் இப்போது மனைப் பிரிவு. நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தக் கிழவியின் பெயருக்கு நேரே "கிடைத்தது" என்று எழுதியிருக்கிறார். அதற்கடுத்த பக்கங்கள் எல்லாம் வெறுமை.