படச்சுருளில் பதிந்த போர்

உக்ரைன் நாட்டின் செர்னிகிவ் வட்டாரத்தில் சோஸ்னித்ஸியா என்றோர் ஊர் உண்டு. அங்கே எழுத்தறியா உழவர் குடும்பமொன்றில் 1894-ஆம் ஆண்டு பிறந்தவர் அலெக்சாண்டர் டொவ்ஷென்கோ. அவ்வீட்டில் பிறந்த 14 மக்களுள் வளர்ந்து ஆளானோர் இருவரே. ஹ்லூஹிவ் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று, இவர் சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். எம் போன்றோர்க்கு இவர்பால் தனிப்பற்று உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் இவர் பெர்லினில் ஓவியம் பயின்றார். கார்கிவ் நகரில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார். 1926-இல் தூரிகையை வைத்துவிட்டு ஒடெஸ்ஸா படநிலையத்தை அடைந்தார். 1929-இல் வெளிவந்த 'ஆர்சனல்' என்னும் ஊமைப்படம், முதல் உலக யுத்தத்தையும், 1918-இல் கீவ் ஆயுதச்சாலையில் மூண்ட தொழிலாளர் கிளர்ச்சியையும் காட்டுவது. பிள்ளைகளைப் போருக்குப் பறிகொடுத்த தாய் அதில் அசையாது நிற்கிறாள். நச்சுப்புகையால் மதிமயங்கிய சிப்பாய் சிரிக்கிறான். ஓவியரின் கண் அல்லவா!

1941-இல் ஜெர்மானியப் படை கீவ் நகரைக் கைப்பற்றியது. அங்கே தங்கிவிட்ட அவருடைய தந்தை, அந்நியர் பிடியிலிருந்த அந்நகரிலேயே மாண்டார். 1943-இல் டொவ்ஷென்கோ 'நமது சோவியத் உக்ரைனுக்கான போர்' என்ற செய்திப்படத்தை ஆக்கினார். களத்தில் நின்ற படப்பிடிப்பாளர் எடுத்த சுருள்களோடு, பகைவரிடம் கைப்பற்றிய சுருள்களையும் இணைத்தார். துன்புற்ற மக்களையே பேசவும் வைத்தார்.

அக்காலத்தில் 'தீப்பற்றிய உக்ரைன்' என்ற திரைக்கதையையும் எழுதினார். சோவியத் படை பின்வாங்கியபோது கைவிடப்பட்ட மக்களின் பாடு அதில் இருந்தது. 1944 ஜனவரியில் ஸ்டாலின் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். திரைக்கதைக்குத் தடை வந்தது. கீவ் படநிலையத்தில் அவர் வகித்த பதவியும் பறிபோயிற்று. 1956-இல் மாஸ்கோவில் காலமானார்.

மாணவர் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒருவர் கைவண்ணமே. போரின் வெற்றியைக் காட்டியதை அரசு ஏற்றது; மக்கள் கைவிடப்பட்டதைச் சொன்னதை ஏற்கவில்லை.

2022 பிப்ரவரி 24-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. கார்கிவ் வட்டாரத்தவரான புகைப்படக்காரர் ம்ஸ்திஸ்லாவ் செர்னோவ், தம் தோழர் இயெவ்ஹென் மலோலெத்காவுடன் மரியுபோல் நகரில் இருந்தார். மார்ச் 9-இல் அங்குள்ள மகப்பேற்று மருத்துவமனைமீது குண்டு விழுந்தது. காயமுற்ற கர்ப்பிணியைத் தூக்கிச் செல்லும் காட்சியை மலோலெத்கா படமெடுத்தார். தாயும் சேயும் பிழைக்கவில்லை. அனைத்தும் நாடகமென ரஷ்யத் தரப்பு கூறியது. ஆயினும் படங்கள் நிலைத்தன. செர்னோவின் 'மரியுபோலில் 20 நாட்கள்' 2024-இல் ஆஸ்கார் விருது பெற்றது. இப்படத்தை எடுக்க நேராதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவர் மேடையிலேயே வருந்தினார்.

டொவ்ஷென்கோவின் தடையுண்ட எழுத்தும் பிற்காலத்தில் அச்சேறியது. சாட்சியை மறைக்கலாம், மறுக்கலாம். அது பதிவாகியிருந்தால் ஒருநாள் வெளிவந்தே தீரும். ஆதலின், கண்டதைக் கண்டபடி எழுதிவைக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.