கணினி நிர்வாகி உரிமை மீட்பு

கணினி நிர்வாகி உரிமை மீட்பு என்பது, புதிய மென்பொருளை நிறுவவும், பிறர் கணக்குகளைத் திருத்தவும், அமைப்பின் அடிப்படைக் கோப்புகளை மாற்றவும் அதிகாரம் பெற்ற கணக்கை இழந்துவிட்ட ஒரு வீட்டுக் கணினியின் உரிமையாளர், அதனை மறுபடியும் தம் சுவாதீனத்துக்குக் கொண்டுவரும் உபாயங்களைக் குறிக்கும். கடைவழக்கில் இக்கணக்கு ‘அட்மின்’ எனப்படும். கணினியை விலைகொடுத்து வாங்கியவரே அதன் நிர்வாகியாக இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லாமையே இவ்விஷயத்தின் சிக்கலுக்கெல்லாம் மூலகாரணமாகும்.

தோற்றமும் தத்துவமும்

பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில்தான் இவ்வதிகாரப் பிரிவினை தோன்றியது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப் பகிர்வு அமைப்பு, அவரவர் கோப்புகளை அவரவர்க்கே காக்கும் பொருட்டுப் பாஸ்வேர்டைக் கையாண்ட முற்பட்ட அமைப்புகளுள் ஒன்று. பின்னர் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸில், ரூட் என்னும் ஒரே கணக்குக்குச் சர்வ அதிகாரமும் ஏனையோர்க்கு வரையறுத்த உரிமையும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. பாஸ்வேர்டை உள்ளது உள்ளவாறே எழுதி வையாமல், மூல வடிவுக்குத் திருப்ப இயலாத கணித உருவமாக மாற்றிச் சேமிப்பதன் நியாயத்தை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை விளக்கிற்று. இன்றைய விண்டோஸும் லினக்ஸும் இக்கொள்கையையே தழுவுவதால், மறந்த பாஸ்வேர்டைக் கணினியிடமே கேட்டறிய வழியில்லை. மீட்பு என்பது புதியதொன்றை இட்டுப் பழையதைச் செல்லாததாக்குவதே.

இராமநாதபுரக் கடற்கரையில்

இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் ஆகிய ஊர்களில் இவ்விழப்பு நேர்வதற்கு உள்ளூர் வாழ்க்கை முறையும் ஒரு காரணமாகலாம். கணினியை வாங்கிக் கணக்குத் திறந்த மகன் சபுராளியாகி, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பை நாடி, வளைகுடாவுக்குப் போயிருப்பான். வீட்டிலுள்ளோர் சாதாரணக் கணக்கில் காரியம் பார்த்துக்கொண்டிருப்பர். ஒருநாள் பிரிண்டர் மென்பொருளை ஏற்ற முனைகையில்தான் ‘அட்மின் பாஸ்வேர்ட்’ என்று கணினி கேட்கும்.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளை அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் இல்லங்களில் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றுள் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்ற கணினிகள் உண்டு. பாஸ் லினக்ஸைப் போல் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் மென்பொருளை இந்தியா மேற்கொள்ளவேண்டும் என்று, இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், குடியரசுத் தலைவராயிருந்தபோது 2003 மே 28-இல் புனேயில் வற்புறுத்திப் பேசியது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இரு இயக்குதளங்கள் ஒரு பெட்டிக்குள் இருப்பினும், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகி வேறு. மீட்கும் முறையும் வேறு.

மீட்கும் முறைகள்

விண்டோஸில் முதற்கண் ஆராயவேண்டியது, அதே கணினியில் வேறொரு நிர்வாகிக் கணக்கு உண்டா என்பதே. இருப்பின் அதனுள் நுழைந்து, கண்ட்ரோல் பேனலின் பயனர் கணக்குப் பகுதியில், மற்றதன் பாஸ்வேர்டையோ தகுதியையோ மாற்றிவிடலாம். இழந்தது மைக்ரோசாஃப்ட் கணக்காயின், பதிவுசெய்த கைப்பேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொண்டு இணையத்தின் வழியே பாஸ்வேர்டைப் புதுப்பிக்கலாம். ஆதலால் மகன் துபாயில் இருந்தபடியே இதனைச் செய்து முடிக்க இயலும். கணினிக்குள் மட்டுமே உள்ள கணக்காயின், விண்டோஸ் 10-இன் 1803-ஆம் பதிப்பு முதல் கேட்கப்படும் பாதுகாப்புக் கேள்விகளின் விடைகளோ, முன்னமே பென்டிரைவில் செய்துவைத்த மீட்பு வட்டோ துணையாகும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து வீட்டுக் கணினிகளில் ‘சேஃப் மோட்’ வழியே, பெரும்பாலும் பாஸ்வேர்ட் இல்லாதிருந்த உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கைத் திறக்க முடிந்தது. விஸ்டா முதல் அக்கணக்கு இயல்பாகவே முடக்கப்பட்டிருப்பதால் அந்த உபாயம் இன்று செல்லுபடியாவதில்லை. எல்லாம் தவறினால் எஞ்சுவது, கணினிக் கடைக்காரர் ‘ஃபார்மட் அடிப்பது’ என்று கூறும் இறுதிப் பரிகாரம். அதில் கணினி மீளும், அதிலிருந்த கோப்புகள் மீளா.

லினக்ஸில் வழி சுருக்கமானது. கணினி தொடங்குகையில் தோன்றும் க்ரப் பட்டியலில், வழக்கமான தொடக்க நிரலுக்குப் பதிலாகக் கட்டளைக் கூட்டை நேரே திறக்கும்படி வரியைத் திருத்தி, வட்டை எழுதத்தக்க நிலையில் மறுபடி இணைத்துக்கொண்டால், ரூட் அதிகாரத்தோடு புதிய பாஸ்வேர்டை இடலாம். வட்டு மறையாக்கம் செய்யப்படாமலும், க்ரப்புக்குத் தனிப் பாஸ்வேர்ட் இடப்படாமலும் இருந்தால், கணினி யார் கையில் இருக்கிறதோ அவரே அதன் அதிபதி என்பதை இது புலப்படுத்தும்.

வரம்புகள்

நிர்வாகியாதல் வேறு, மறையாக்கிய கோப்பைப் படித்தல் வேறு. விண்டோஸ் 2000 முதல் உள்ள கோப்பு மறையாக்க வசதியைப் பயன்படுத்தியவரின் பாஸ்வேர்டை மற்றொருவர் வலிந்து மாற்றினால், கணக்குத் திறந்தும் கோப்புகள் மூடியே கிடக்கும். வட்டு முழுவதையும் மறைக்கும் பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. தொடக்க அமைப்பில் மாறுதல் நேர்ந்து கணினி அதனைக் கேட்கும்போது அவ்வெண் கைவசம் இல்லையேல், கடைக்காரரின் திறமை எதுவும் பலிக்காது. பிறர் கணினியில் அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது வஞ்சக நோக்கத்தோடு இம்முறைகளைப் பிரயோகிப்பது குற்றமாகும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

முன்னேற்பாடு

அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கொன்றும், வீட்டிலேயே தங்கியிருக்கும் ஒருவர் பெயரில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கொன்றும் வைத்துக்கொள்வது, மேற்கூறிய முறைகளில் பெரும்பாலானவற்றைத் தேவையற்றதாக்கும். பிட்லாக்கரின் மீட்பு எண்ணைக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்டு வருவதற்கு ஒப்பாகும். அதனைத் தாளில் எழுதி, பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியில் சேர்த்து வைத்தலே உத்தமம்.