வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை: மும்பை தமிழ் மாணவர்கள் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பட்டப்படிப்பை முடிக்கும் பட்டியல் சாதித் தமிழ் மாணவர்கள் அரசு உதவியுடன் வெளிநாட்டில் உயர்கல்வி பயில விரும்பினால், மதிப்பெண்ணுக்கும் முன்பாக ஒரு கேள்வி எழுகிறது. குடும்பம் மும்பைக்கு எப்போது வந்தது என்பதே அது.

மகாராஷ்டிர அரசு, ராஜர்ஷி சாஹு மகராஜ் பெயரிலான திட்டத்தின்கீழ் பட்டியல் சாதி மற்றும் நவபௌத்த மாணவர்கள் 75 பேரை ஆண்டுதோறும் தேர்வு செய்கிறது. கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 200 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்க்கை பெற்றிருக்க வேண்டும். திட்டத்தின் பெயர் பொருத்தமானதே. 1913-இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1920-இல் படிப்பைத் தொடர லண்டன் திரும்பியபோது அவருக்கு உதவியவர்களில் கோலாப்பூர் மன்னர் சாஹுவும் ஒருவர்.

ஆனால், மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சலுகை பெற, 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியன்று குடும்பம் இம்மாநிலத்தில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு முன்பே வந்த குடும்பங்களில் சிலரால் இதை நிரூபிக்க இயலலாம். அப்போதும் அவர்களது சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். பின்னர் வந்தவர்களின் பிள்ளைகள் மும்பையிலேயே பிறந்து படித்திருந்தாலும் இதற்குத் தகுதி பெறுவதில்லை.

இந்த நிலைக்கு அடிப்படையான தீர்ப்பும் மும்பையில் எழுந்த வழக்கில்தான் வந்தது. தந்தையின் வேலை காரணமாக ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் மும்பை வந்த பழங்குடி மாணவர் ஒருவர் இங்கு மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கோரினார். மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கு எனப்படும் அதில், ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் தகுதி மற்றொரு மாநிலத்துக்குத் தானாகத் தொடராது என உச்ச நீதிமன்றம் 1990-இல் கூறியது. 1994-இல் மகாராஷ்டிர அரசு தொடர்பான மற்றொரு வழக்கிலும் அது உறுதி செய்யப்பட்டது.

அதேநேரத்தில், புலம்பெயர்ந்தவர் தமது சொந்த மாநிலத்தைப் பொறுத்தவரை பட்டியல் சாதியினராகவே கருதப்படுகிறார். எனவே இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் முதலில் நாட வேண்டியது மத்திய சமூக நீதித் துறையின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம். மொத்தம் உள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கானவை. 30 சதவீதம் மாணவிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள்ளும், வயது 35-க்குள்ளும், தகுதித் தேர்வில் மதிப்பெண் 60 சதவீதமாகவும் இருக்க வேண்டும். முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு மட்டுமே உதவி கிடைக்கும். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுகள் 2022 முதல் விலக்கப்பட்டிருப்பது சமூகவியல் மாணவர்களுக்குப் பெரும் இழப்பு.

தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழைக் காட்டினால், அதன் அடிப்படையில் பிள்ளைக்கு மும்பையிலேயே சான்றிதழ் வழங்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் உள்ளன; செம்பூர் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தந்த மாவட்ட ஆட்சியர் நிர்வாகத்தையே அணுக வேண்டும். தந்தையிடமே சான்றிதழ் இல்லையெனில் சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே இப்பணியில் இறங்குவது நல்லது.

தேர்வான பிறகும் காத்திருப்பு நேரலாம். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதற்கட்டமாகத் தற்காலிகக் கடிதம் வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படும் என அப்போது அறிவிக்கப்பட்டது.

சாதிச் சான்றிதழ் தேவைப்படாத வழிகளும் உள்ளன. மும்பையில் 1892-இல் நிறுவப்பட்ட ஜே.என்.டாடா அறக்கட்டளை கடன் உதவித்தொகை வழங்குகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன் டாடா உதவித்தொகையில்தான் லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைகளுக்குப் பணி அனுபவம் கட்டாயம் என்பதால், கல்லூரி முடித்த உடனே அவற்றுக்கு விண்ணப்பிக்க இயலாது.