பேரையூர்ச் சமவெளியும் தொலைக் கண் மருத்துவமும்

பேரையூர் போன்ற மானாவாரி ஊரிலிருந்து கண்ணைக் காட்ட மதுரைக்குச் செல்வோருக்குப் பேருந்துக் கட்டணத்தோடு துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் போய்விடும் என்பதால், பார்வை மங்கியோர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இயல்பாயிருந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாம்கள் வழியே இக்குறையை ஓரளவு போக்கியது. ஆயினும் முகாம் ஒரே நாளில் கலைந்துவிடும், கண்ணழுத்த நோயோ ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பைக் கேட்கும்.

2000-களின் நடுவில், பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடிவமைத்த நெடுந்தொலைவு வைஃபை இணைப்பு தேனிப் பகுதியில் நிலையாக இயங்கும் பார்வை மையங்களை அரவிந்த் மருத்துவமனையோடு இணைத்தது. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண், கண்ணின் முன்பகுதியை மெல்லிய ஒளிக்கீற்றால் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நோயாளியின் தாடையைப் பொருத்திச் சோதித்துவிட்டுத் திரையைத் திருப்பினால், தொலைவிலுள்ள மருத்துவர் நோயாளியோடு நேரலையில் பேசுவார்.

அடுத்த கட்டமாக, சர்க்கரை நோயால் விழித்திரையில் தோன்றும் பாதிப்பைப் படத்திலிருந்து கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு பயிற்றுவித்த கூகுள் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே செய்துவிட முடியாது: வீட்டுக் கைப்பேசியில் பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கலாம். கண்ணழுத்தத்தை அளக்க இயலாது.