கற்பித்தல் பயிற்சியில் மேற்பார்வையாளரின் பணி

1. வரையறை

கல்வியியல் கல்லூரியிலிருந்து பள்ளிக்குச் சென்று, மாணவ ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கி, அவருடைய கற்பித்தலைச் செம்மைப்படுத்தும் பொறுப்பேற்ற பேராசிரியரையே இங்கு மேற்பார்வையாளர் என்கிறோம். பள்ளியில் அன்றாடம் உடனிருக்கும் வழிகாட்டி ஆசிரியர் வேறு. அவர் அவ்வகுப்புப் பிள்ளைகளை அறிந்தவர்; மேற்பார்வையாளரோ மாணவ ஆசிரியர் எதைக் கற்று வந்திருக்கிறார் என்பதை அறிந்தவர். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, பள்ளிசார் பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரமும் இரண்டாமாண்டில் 16 வாரமும் ஒதுக்கின. காலம் நீண்டிருப்பதால் மேற்பார்வையை ஒரு நாள் வருகையாக அன்றித் தொடர்பணியாக வகுத்துக்கொள்ள இயலும்.

2. படிநிலைகள்

1950களில் ஹார்வர்டில் மாரிஸ் கோகன் குழுவினர் உருவாக்கிய முறையை 'வகுப்பறைவழி மேற்பார்வை' எனலாம்: நேரில் கண்ட கற்பித்தலையே சான்றாகக் கொண்டு, ஆசிரியரோடு சேர்ந்து அதை ஆராய்தல். ராபர்ட் கோல்ட்ஹாமர் தம் 1969ஆம் ஆண்டு நூலில் இதை ஐந்து படிகளாக்கினார்: முன்னுரையாடல், உற்றுநோக்கல், பகுப்பாய்வு, கலந்துரையாடல், பின்னாய்வு.

இவற்றுள் பகுப்பாய்வே நடைமுறையில் மிகுதியும் விடுபடுகிறது. பின்னக் கூட்டல் வகுப்பு ஒன்றைக் கொள்வோம். 1/2, 1/3 இரண்டையும் கூட்டச் சொன்னபோது ஒரு மாணவி 2/5 என்கிறாள். மாணவ ஆசிரியர் "தவறு" என்று சொல்லி அடுத்தவரைக் கேட்கிறார். கேட்டதைக் கேட்டபடியே குறித்திருந்தால்தான் இந்நிகழ்வு மேற்பார்வையாளரின் கையில் எஞ்சும். பின்னர் அவர் குறிப்பைப் படித்து, பிழையான விடைகள் எல்லாம் இவ்வாறே கடந்துபோயினவா என்று பார்க்கிறார். ஆம் எனில், அன்றைய உரையாடலுக்கு அந்த ஒரு பொருளே போதும். "அவள் 2/5 என்பதை எப்படி அடைந்திருப்பாள்?" என்று கேட்டால், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள் என்பதை மாணவ ஆசிரியரே கண்டறிவார். பத்துக் குறைகளை அடுக்குவதால் இந்தக் கண்டறிதல் நிகழாது.

பின்னாய்வில் மேற்பார்வையாளர் தம் நடத்தையைத் தாமே சோதிக்கிறார்: தாம் எவ்வளவு பேசினோம், மாணவ ஆசிரியரை எவ்வளவு பேசவிட்டோம்.

3. இடர்

வழிகாட்டும் மேற்பார்வையாளரே மதிப்பெண்ணும் இடுபவர். இதனால் மாணவ ஆசிரியர், ஐயமுள்ள பாடத்தைத் தவிர்த்து, ஒத்திகை பார்த்த பாடத்தையே நடத்திக் காட்டுகிறார். மேற்பார்வையாளரும் ஏட்டில் "குரல் தெளிவு, கரும்பலகை எழுத்து நன்று" என்று எழுதி அமைகிறார். இரு பணிகளையும் காலத்தால் பிரிப்பதே தக்கது என்பது எம் துணிபு. தொடக்க வருகைகளை மதிப்பெண்ணின்றி நடத்த வேண்டும். அவ்வருகைகளில் எந்தப் பாடம் உற்றுநோக்கப்பட வேண்டும் என்பதை, தமக்குக் கடினமானது எது என்று எண்ணி, மாணவ ஆசிரியரே தேர்ந்தெடுக்க வேண்டும்.