உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களில் இழையச் சாயமேற்றல்

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களில் இழையச் சாயமேற்றல் என்பது, கட்டியிலிருந்து எடுத்த இழையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்ந்து புற்றின் வகையை அறியும் முறை ஆகும்.

தஞ்சாவூர், கும்பகோணம் உள்ளிட்ட காவிரிப் படுகைப் பகுதிகளில் வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் வழக்கம் உண்டு. இதனால் வரும் வாய்ப்புற்று பெரும்பாலும் வாயின் மேற்பரப்பில் தோன்றும் செதிள் உயிரணுப் புற்றாகும். ஆனால் மேலண்ணத்தில் காணப்படும் கட்டி, அங்குள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தும் எழலாம். புகையிலையைத் தொடாதவருக்கும் இது வரும். வெறும் கண்ணால் பார்த்து இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. சிகிச்சையோ வகைக்கேற்ப மாறுபடும்.

சாயங்கள்

முதலில் ஹிமடாக்சிலின்-இயோசின் சாயம் இடப்படுகிறது. இதில் உட்கரு நீலமாகவும் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். பல கட்டிகளுக்கு இதுவே போதுமானது. ஐயம் எழுந்தால் சிறப்புச் சாயங்கள் பயன்படுகின்றன. மியூசிகார்மைன் சளிப்பொருளைச் சிவப்பாகக் காட்டுவதால் மியூக்கோஎபிடர்மாய்டு புற்றை அறிய உதவுகிறது.

நோயெதிர்ப்புச் சாயமேற்றல்

இம்முறையில் பிறபொருளெதிரிகள் குறிப்பிட்ட புரதத்துடன் பிணைந்து, பொதுவாகப் பழுப்பு நிறத்தில் அதனைக் காட்டுகின்றன. இதன் பயனுக்குச் சிறந்த சான்று சுரப்புப் புற்று ஆகும். 2010 ஆம் ஆண்டில் செக் நாட்டு நோயியலாளர் அலேனா ஸ்காலோவாவும் குழுவினரும் இதனைத் தனி நோயாக விவரித்தனர். அதுவரை இவற்றுள் பல, அசினிக் உயிரணுப் புற்று என்றே கருதப்பட்டன. அசினிக் புற்றில் டாக்-1 புரதம் தெளிவாகத் தெரியும். சுரப்புப் புற்றில் எஸ்-100, மாமாகுளோபின் ஆகியவை தெரியும். பின்னதில் பெரும்பாலும் ஈ.டி.வி.6, என்.டி.ஆர்.கே.3 மரபணுக்கள் இணைந்திருக்கும். முற்றிய நிலையில் லாரோட்ரெக்டினிப் என்னும் மருந்து இவ்விணைவையே தாக்குகிறது. எனவே பெயர் மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

எனினும் எந்த ஒரு சாயமும் தனித்து முடிவு தராது. அடினாய்டு சிஸ்டிக் புற்றில் தெரியும் சி.டி.117 பிற கட்டிகளிலும் தென்படுவதுண்டு.