கண்ணில் கரைந்த வாயு

மலாயா ரப்பரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த நாற்றுகளில் தொடங்குவார்கள். மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்த ரிட்லியைச் சொல்வார்கள். அப்புறம் ரப்பர் வணிகத்தில் செழித்த ஜார்ஜ் டவுன் துறைமுகம். இடையில் ஒரு வாயுவும் இருந்தது. அமோனியா. அதைப் பற்றிப் பேச்சே வராது.

மரத்திலிருந்து இறங்கும் பால் அதிக நேரம் பாலாக இருக்காது. ரப்பர் துகள்களைச் சுற்றியிருக்கும் எதிர்மின்னூட்டம்தான் அவற்றை ஒட்டவிடாமல் விலக்கி வைக்கிறது. பாக்டீரியா பெருகி அமிலம் சுரந்தால் அந்த மின்னூட்டம் போய்விடும், மங்கிலேயே கட்டிப்பால். ஷீட் அடிக்க எப்படியும் அமிலம் ஊற்றி உறைய வைக்கத்தான் வேண்டும், அதனால் கவலையில்லை. ஆனால் 1929-இல் டன்லப் நிறுவனம் பாலை நுரைத்து மெத்தை செய்தபோதும், பிறகு கையுறைத் தொழில் வளர்ந்தபோதும், தேவைப்பட்டது திரவப் பால். கடல் கடக்கும்வரை அது உறையக்கூடாது. அதற்குத்தான் அமோனியா. எடையில் 0.7 சதவீதம் போதும். பாக்டீரியா அடங்கும், மின்னூட்டம் நிற்கும்.

அழுத்தம் கூடக்கூட வாயு அதே விகிதத்தில் திரவத்தில் கரையும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் சொன்னார். ஆனால் எவ்வளவு கரையும் என்பது வாயுவுக்கு வாயு மாறும். 20 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 31 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். அமோனியா என்றால் ஏறக்குறைய 700 லிட்டர்! தண்ணீர் மூலக்கூறுகளோடு அது பிணைந்துகொள்வதுதான் காரணம்.

கரைந்தால் மட்டும் போதாது, பரவ வேண்டும். பரவலின் விதியை அடால்ஃப் ஃபிக் 1855-இல் எழுதினார். காற்றில் பரவுவதைவிடத் திரவத்தில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். கலக்காமல் விட்டால் 10 சென்டிமீட்டர் போகவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பால் உறைந்துவிடும். ஆகவே யாராவது தொட்டிக்கு மேல் குனிந்து நின்று கலக்க வேண்டும். செபராங் பிறை தோட்டங்களில் அந்த 'யாராவது' பெரும்பாலும் நம்மவர்கள்.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் அந்த வேலையைச் செய்தவர். "வாளியத் தெறந்தா போதும்யா, கண்ணு ரெண்டும் மொளகா வச்ச மாதிரி எரியும். மூஞ்சியக் கழுவிட்டு வந்து மறுபடியும் கலக்குவோம்" என்பார்.

அதே ஊர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தபோதுதான் அந்த எரிச்சலின் கணக்கு எனக்குப் புரிந்தது. கண்ணின் மேலிருக்கும் ஈரமும் தண்ணீர்தான். பாலில் அவ்வளவு எளிதாகக் கரையும் வாயு கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் அப்படியே கரையும். வெப்பம் ஏறினால் கரைதிறன் குறையும். தகரக் கூரைக்கு அடியில், உச்சி வெயிலில், பாலை விட்டு வெளியேறிய அமோனியா கலக்கியவரின் கண்ணுக்கு வந்தது. எந்தக் குணம் பாலைக் காப்பாற்றியதோ, அதே குணம்தான் அவர்களைச் சுட்டது.

அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். கலக்கியவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ரிட்லியைப் பற்றி எந்த நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எத்தனை வாளி, முகத்துக்குத் துணியாவது தந்தார்களா, கண் சிவந்தால் அன்றைய கூலி என்ன ஆனது என்பதையெல்லாம் இவர்களிடம்தான் கேட்க முடியும். அதுவும் சீக்கிரம் கேட்க வேண்டும்.